ஐந்தாம் றாங்குக்குப் போகும் வழி

எண்ணைப் பெயராக வைத்திருக்கும் வீதியில் குடியிருப்பதில் ஒரு வசதி உண்டு. பிரெஞ்சில் எழுத்துப்பிழை விட வழியே இல்லை. முன்பு மொன்றியலில், வில்லரேப் பகுதியில் நாங்கள் இருந்த வீதிக்கு ஒரு புனிதரின் நீளமான பெயர். அங்கே இருந்த காலம் முழுக்க அதை நான் ஒருதடவைகூடச் சரியாக எழுதியதில்லை. ஐந்தாம் றாங்கில் அந்தத் தொல்லை கிடையாது. ஐந்து என்று போட்டால் போதும், மின்சார பில் தவறாமல் வந்து சேரும்.

தங்கச்சி லக்சனா, இதையும் இந்தப் பொலிஸ் மடத்துக்கு மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். சிரிக்கிறாவா என்று பார்ப்போம். சிரிக்கவில்லை. பரவாயில்லை, பொலிஸ் வேலையில் இருப்பவர்களுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் சிரிப்பு வரும். எனக்கு பிரெஞ்சு விளங்கும். ஆனால் இப்படியான காரியங்களைத் தாய்மொழியில் சொல்வதுதான் மரியாதை என்று உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். உங்களுடைய தமிழ் நல்ல தமிழ். 'சந்தி' என்ற சொல்லுக்குத்தான் சற்று யோசித்தீர்கள். அதை நினைவில் வைத்திருங்கள், இன்று அடிக்கடி வரும்.

றாங் என்றால் வரிசை. மொன்றியலிலிருந்து பாலத்தைக் கடந்து ஒரு மணித்தியாலம் போனால் அந்த இடம். வயல்களை நாடா மாதிரி நீள நீளமாகக் கிழித்துப் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு வீதி, ஒவ்வொரு வீதிக்கும் ஒரு எண். எல்லா வீதிகளையும் வெட்டிக்கொண்டு நடுவால் ஒரு குறுக்கு வீதி, நெடுஞ்சாலையிலிருந்து வருகிறது. பெயர் வைக்க அந்தக் காலத்து மனிதர்களுக்குப் பஞ்சியாக இருந்திருக்க வேண்டும். எண்களையாவது ஒழுங்காக விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. ஒருகாலத்தில் இரண்டு கிராமங்களை ஒன்றாக்கினார்களாம். இரண்டு கிராமத்து எண்களும் அப்படியே கலந்து போயின. மூன்றுக்கு அடுத்தது ஆறு. ஆறுக்கு அடுத்தது ஐந்து. ஐந்துக்கு அடுத்தது எட்டு. இதைப் பற்றி அங்கே யாரும் கவலைப்படுவதில்லை. கமக்காரர்கள் பலகை பார்த்து வீட்டுக்குப் போவதில்லை. தபால்காரிக்கும், பனி வழிக்கிறவனுக்கும் கண்ணை மூடிக்கொண்டு போகத் தெரியும். ஒவ்வொரு சந்தியிலும் நிற்கும் அந்தச் சின்னப் பச்சைப் பலகைகளை நம்பி வாழ்ந்தவள் அந்தப் பகுதி முழுவதிலும் ஒருத்திதான். என் மனைவி மாக்கிரட்.

வில்லரேயில் நாங்கள் அவளுடைய அக்கா றோஸ்மேரி வீட்டின் மேல்மாடியில் இருந்தோம். மாக்கிரட் பக்கத்திலிருந்த கார்டெறி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் வேலை செய்தாள். எங்களுக்குப் பிள்ளையில்லை, ஆனால் தெருவில் போனால் பத்துப் பிள்ளைகள் அவளை மறித்துக் கட்டிப்பிடிக்கும். கோயில் பாடகர் குழுவில் அவளுடைய குரல்தான் முன்னுக்கு நிற்கும். நான் வேலை முடிந்து வந்தால் குசினியில் யாராவது இருப்பார்கள். றோஸ்மேரி அக்கா, கீழ்வீட்டுப் பெண்கள், பாட்டுப் பழக வந்தவர்கள். எனக்கும் ஒரு கோப்பை தேநீர் வரும், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் என் மனைவியோடு நான் தனியே இருந்து தேநீர் குடித்த நாட்கள் மிகக் குறைவு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு தகவலாகச் சொல்கிறேன்.

பிறகு எனக்குக் காளான் பண்ணை ஒன்றில் வான் ஓட்டும் வேலை கிடைத்தது. அந்தப் பக்கத்து வீதிகளெல்லாம் பழகிப்போயின. ஐந்தாம் றாங்கில் ஒரு வீடு விற்பனைக்கு வந்தது. நல்ல காற்று, அமைதி என்று எல்லாரிடமும் சொன்னேன். மாக்கிரட் யோசித்தாள். நான் கேட்டதற்கு அவள் முழுதாக மறுத்தது அதுவரையில் இல்லை.

"சரி, வாறன்," என்றாள். "ஆனா எனக்குக் கார் ஓடப் பழக்கவேணும். ஞாயிறு பூசைக்கும் பாட்டுப் பழகவும் நான் அக்காவிட்டைப் போய்வருவன்."

"ஓம், அதுக்கென்ன," என்றேன்.

நான் சொன்ன சொல் தவறவில்லை. கார் ஓடப் பழக்கியவன் நானேதான். முதல் சோதனையிலேயே அவளுக்கு லைசென்ஸ் கிடைத்தது. எனக்கு எத்தனையாவது சோதனையில் கிடைத்தது என்பது இந்த வழக்குக்குத் தேவையில்லை.

முதல் வருடம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பக்கத்துக் கிராமத்துக் கார்டெறியில் அவளுக்கு வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை வில்லரேக்குப் புறப்படுவாள், பின்னேரம் திரும்புவாள். வரும்போது முகமெல்லாம் சிரிப்பு. அக்கா சொன்னது, சுவாமி பிரசங்கத்தில் தடக்குப்பட்டது, எந்தப் பிள்ளைக்கு எந்தப் பல் விழுந்தது என்று மேசையில் இருந்து சொல்லிக்கொண்டே இருப்பாள். நன்றாகத்தான் சொல்வாள். ஆனால் அந்தக் கதைகளில் நான் எங்கேயும் இல்லை.

அடுத்த மாரி முடிகிற நேரம், பனி வழிக்கும் வண்டி இடித்து எங்கள் சந்திப் பலகை விழுந்து கிடந்தது. வேண்டுமென்று யாரும் செய்ததில்லை. அன்றைக்கு ஞாயிறு. மாக்கிரட் சந்தியைத் தவறவிட்டு, வெள்ளை வயல்களுக்குள் எங்கெங்கோ சுற்றி, பெற்றோல் முடிகிற நிலையில் வந்து சேர்ந்தாள். வாசலிலேயே என்னைக் கட்டிப்பிடித்தாள். அன்று அக்காவைப் பற்றி ஒரு சொல் இல்லை, சுவாமியைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒரு போர்வைக்குள் இருந்து இரண்டு பேரும் தேநீர் குடித்தோம். எங்கள் கலியாண வாழ்க்கையில் அது ஒரு நல்ல மாலை.

மறுநாள் நானே போய்ப் பலகையை நிமிர்த்திப் பூட்டினேன். நல்ல குடிமகன் செய்கிற காரியம். அப்போதுதான் தெரிந்தது, அதை இரண்டு மரையாணிகள்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. என்னுடைய வானில் கிடந்த ஸ்பனர் அளவாகப் பொருந்தியது.

ஐந்தும் எட்டும் அடுத்தடுத்த சந்திகள். மாற்றிப் பூட்ட அதிக நேரம் செல்லாது. அவள் வில்லரேயில் பாடிக்கொண்டிருக்கும்போது நான் போய் மாற்றுவேன். அவள் வீடு வந்த பிறகு ஒரு சாட்டுச் சொல்லி வெளியே போய்த் திரும்ப மாற்றுவேன். எல்லாக் கிழமையும் செய்ததாக நினைக்க வேண்டாம். அப்படிச் செய்தால் பழகிவிடும். இடையிடையேதான்.

அவள் பயப்படக் கூடாது என்று ஒரு கைத்தொலைபேசி வாங்கிக் கொடுத்தேன். அந்தக் கோடையில் அடிக்கடி மணி அடிக்கும்.

"இஞ்சேருங்கோ, நான் எங்கை நிக்கிறன் எண்டு தெரியேல்லை."

"என்ன தெரியுது?"

"சோளம்."

"மற்றப் பக்கம்?"

"அங்காலையும் சோளம்தான்."

"அப்ப நீ சோளத்துக்கு நடுவிலை நிக்கிறாய். அசையாமல் நில், வாறன்."

கொஞ்ச நேரத்தில் போய் நிற்பேன். "எப்பிடி இவ்வளவு கெதியா கண்டுபிடிச்சனீங்கள்?" என்று ஆச்சரியப்படுவாள். அந்தக் கண்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், தங்கச்சி. எந்த மனிதனுக்கும் அப்படி ஒரு பார்வை மனைவியிடமிருந்து கிடைப்பது பெரிய விஷயம். அவள் காருக்கு முன்னால் நான் வானை ஓட்டிக்கொண்டு, கண்ணாடியில் அவளைப் பார்த்தபடி வீட்டுக்குக் கூட்டி வருவேன்.

மாக்கிரட் கெட்டிக்காரி. அதை நான் எப்போதும் சொல்வேன். ஒரு கட்டத்தில் பலகையை விட்டுவிட்டு, நெடுஞ்சாலையிலிருந்து சந்திகளை எண்ணிக்கொண்டு வரத் தொடங்கினாள். நல்ல யோசனை. அவள் எண்ணுகிற நேரம் பார்த்து நான் போன் எடுப்பேன். பாண் முடிந்துவிட்டது, வரும் வழியில் தெப்பனர் கடையில் நின்று வாங்கி வா என்று ஏதாவது சொல்வேன். எண்ணிக்கை போய்விடும். பிறகு சந்தி மரத்தில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டினாள். ரிப்பனை எட்டாம் றாங் மரத்துக்கு மாற்றினேன். அங்கேயும் அது வடிவாகத்தான் இருந்தது.

றோஸ்மேரி அக்காவின் மகள் கோயிலில் முதல்நன்மை வாங்கிய விருந்தில் மண்டபம் நிறையச் சனம். நான் கதை சொல்லத் தொடங்கினால் எல்லாரும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள்.

"ஞாயிற்றுக்கிழமை இவ எங்கை போனவ தெரியுமோ? கோழிப்பண்ணை வாசல்லை கொண்டுபோய்க் காரை விட்டிட்டு நிக்கிறா. பூசை கேக்கக் கோழியளும் வரிசையா நிக்குது."

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. மாக்கிரட்டும் சிரித்தாள். அன்றிலிருந்து அவளைக் கண்டால் எல்லாரும், "என்ன மாக்கிரட், வழி கண்டுபிடிச்சு வந்திட்டியள் போலை," என்பார்கள். பகிடிதான். பகிடி இல்லாத இடத்தில் மனிதன் இருக்க முடியாது. பிறகு பிறகு அவள் சிரிப்பைக் குறைத்துக்கொண்டாள். மற்றவர்கள் குறைக்கவில்லை.

ஒருநாள் குசினியில் வைத்து அவள் மெல்லச் சொன்னாள்: "பலகை மாறிக் கிடந்தது. நான் என்ரை கண்ணாலை பாத்தனான்."

நான் கோபப்படவில்லை. அடுத்த நாள் காலை அவளை ஏற்றிக்கொண்டு சந்திக்குப் போனேன். "பார், ஐஞ்சு," என்றேன். அடுத்த சந்திக்கும் போனேன். "பார், எட்டு." அவள் இறங்கிப் போய்ப் பலகையைக் கையுறையோடு தடவிப் பார்த்தாள். காரில் ஏறி, "எனக்கு என்னவோ நடக்குது," என்றாள். அதன்பிறகு தன் கண்ணை அவள் அதிகம் நம்பவில்லை. எனக்கு அது கவலையாகத்தான் இருந்தது. ஆனால் வீடு அமைதியாகிவிட்டது.

பிந்திப் பிந்திப் போனதால் கார்டெறியில் மரியாதையாக நிறுத்திவிட்டார்கள். பாடகர் குழுவுக்கு அவளே போகாமல் விட்டாள். கார்த் திறப்பைக் கொண்டுவந்து என் கையில் தந்தவளும் அவளேதான், நான் கேட்கவில்லை. பட்டினத்தில் இருக்கிற ஒரு டொக்டரிடம் கூட்டிப் போனேன். நடந்ததைச் சொன்னேன். பாதை மறக்கிறாள், பலகைகள் மாறுவதாகச் சொல்கிறாள் என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. டொக்டர் குளிசை எழுதினார். மனம் ஆறுவதற்கு ஒன்று, நித்திரைக்கு ஒன்று. நான்தான் நேரத்துக்கு எடுத்துக் கொடுப்பேன். ஒரு மனைவியை இதைவிடக் கவனமாகப் பார்த்தவன் அந்த வட்டாரத்தில் இருந்தால் காட்டுங்கள்.

இனி மொசியே ஒவிலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மடம் அதற்காகத்தான் பொறுமையாக இருக்கிறா என்று தெரிகிறது.

ஒவிலா எங்கள் பக்கத்து வீட்டுக் கமக்காரர். வயது எழுபதுக்கு மேல். மாரியில் எங்கள் வாசல் பனியைத் தன்னுடைய உழவு இயந்திரத்தால் கேட்காமலே வழித்து விடுவார். இலையுதிர் காலத்தில் ஒரு பெட்டி பீற்றூட் கொண்டுவந்து வைப்பார். நல்ல மனிதர், ஒரு குறையும் சொல்ல முடியாது. மாக்கிரட் வேலையை விட்ட பிறகு பகலில் அவரும் மனைவி ஜினெத்தும் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். மாக்கிரட்டின் பிரெஞ்சு என்னுடையதைவிட நல்லது. நான் வேலையால் வந்தால் குசினியில் மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். எனக்கும் ஒரு கோப்பை தேநீர் வரும். எழுபது வயதுக் கிழவனைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன் என்று நினைக்காதீர்கள், தங்கச்சி. அது சிரிப்புக்கிடமான காரியம்.

ஒருநாள் அவர் வேலியடியில் என்னை மறித்தார். "உன்னுடைய மனைவி வழி தவறுகிற ஆள் இல்லை," என்றார். "என்னுடைய வயல் எல்லைகளை அவள் ஒருதடவை கேட்டுவிட்டுத் திரும்பச் சொன்னாள். ஒரு பிழையில்லை. வாற கிழமை டிரக்கில் ஏற்றி எல்லா றாங்கும் சுற்றிக் காட்டப் போகிறேன். பலகை பார்க்காமல் வீட்டுக்கு வரப் பழக்கிவிடுகிறேன்."

"மெர்சி," என்று நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்வது.

அந்தக் கிழமையே றோஸ்மேரி அக்காவும் போன் எடுத்தா. "தம்பி, ஞாயிறு நாங்கள் அங்கை வாறம். மாக்கிரட்டைக் கொஞ்ச நாளைக்கு என்னோடை கூட்டிக்கொண்டு போகப்போறன். இஞ்சை ஒரு நல்ல டொக்டரிட்டைக் காட்டுவம்."

"தாராளமா வாங்கோ, அக்கா," என்றேன்.

ஒக்டோபர் மாதம். கடைசிச் சோளம் இன்னும் வெட்டவில்லை. ஞாயிறு மத்தியானம் மாக்கிரட்டுக்குக் குளிசை கொடுத்துப் படுக்க வைத்துவிட்டு நான் சந்திக்குப் போய் ஐந்தையும் எட்டையும் மாற்றினேன். பிறகு எட்டாம் றாங் சந்தியில், சோளத்துக்கு அருகில் வானை விட்டுவிட்டுக் காத்திருந்தேன். அக்காவின் மனிசன் சவிரிமுத்து அண்ணைதான் கார் ஓடி வந்தார். அவர் யாரிடமும் வழி கேட்காத மனிதர். பலகையைப் பார்த்தார், மிடுக்காகத் திருப்பினார், எட்டாம் றாங்குக்குள் போனார், போய்க்கொண்டே இருந்தார். அடுத்த மாகாணத்துக்கே போய்விடுவாரோ என்று பயந்தேன். எங்கேயோ ஒரு தெப்பனரில் இருந்து அக்கா போன் எடுத்துக் கத்தினா. "மாக்கிரட் நித்திரை, அக்கா. இருட்டப்போகுது. வேறொரு ஞாயிறு பாப்பம்," என்றேன். திரும்பிப் போய்விட்டார்கள்.

நான் ஸ்பனரோடு இறங்கினேன். அந்த நேரத்தில்தான் அம்புலன்ஸ் வந்தது.

ஓட்டியவன் இளம் பெடியன், அந்தப் பகுதிக்குப் புதியவன் போலிருந்தது. கண்ணாடியை இறக்கினான். சந்தியில் ஒரு சிவப்பு சைலோ இருக்கும் என்று சொன்னார்களாம், இங்கே காணவில்லையாம். அது தானியம் சேர்க்கும் கோபுரம், மாக்கிரட் கார் ஓடாமல் விட்ட பிறகு எங்கள் சந்தியில் கட்டியது. "ஐந்தாம் றாங் இதுதானா?" என்று கேட்டான். பலகை ஐந்து என்றது. நானும் அதையே சொன்னேன். "ஓம், நேரே போங்கள்," என்று கையும் காட்டினேன். போனார்கள்.

இதைத்தான் நீங்கள் நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள், நான் என்ன செய்திருக்க முடியும். இல்லை, அது அடுத்த சந்தி என்றால், அப்போது ஏன் பலகை இங்கே நிற்கிறது, உன் கையில் என்ன ஸ்பனர் என்று கேட்பான். ஒரு கேள்வி இன்னொரு கேள்வியைக் கூட்டிக்கொண்டு வரும். றாங் நீளமானது, ஆனால் முடிவில்லாததல்ல. கடைசிவரை போய்விட்டுத் திரும்பி வருவார்கள், அதற்குள் பலகையைச் சரியாக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். நியாயமான கணக்கு.

எட்டாம் றாங் சந்தியில் பலகையைக் கழற்றிக் கையில் எடுத்துவிட்டேன். அப்போது எங்கள் பக்கமிருந்து ஒவிலாவின் டிரக் வந்தது. உள்ளே மாக்கிரட். நித்திரையில் இருக்க வேண்டியவள். குளிசையெல்லாம் பல நாட்களாகப் பூச்சாடிக்குள் போயிருக்கிறது, எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தச் செடி நன்றாக நித்திரை கொண்டிருக்கும்.

ஒவிலா களஞ்சியத்தடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்ததும் ஜினெத் ஓடிவந்து எங்கள் கதவைத் தட்டியிருக்கிறா. மாக்கிரட்தான் அம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறாள், ஐந்தாம் றாங், சந்தியில் சிவப்பு சைலோ என்று அவள்தான் வழி சொல்லியிருக்கிறாள். பிறகு வீதியில் நின்று பார்த்திருக்கிறாள். சத்தம் தூரத்தில் கேட்கிறது, வண்டி வரவில்லை. பலகையை நம்பி வருகிறவர்கள் எங்கே போய் நிற்பார்கள் என்று அவளைவிட யாருக்குத் தெரியும். ஒவிலாவின் டிரக்கை எடுத்துக்கொண்டு, தான் வழக்கமாகத் தொலைகிற இடத்துக்கே நேராக வந்திருக்கிறாள்.

என்னைத் தாண்டிப் போனாள். கொஞ்ச நேரத்தில் அம்புலன்ஸைப் பின்னால் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். சந்தியில் வேகத்தைக் குறைத்தாள். என் கையில் ஐந்து இருந்தது. அவள் அந்த எண்ணைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் கையை அசைத்தேன். என்ன நினைத்து அசைத்தேன் என்று தெரியவில்லை, பழக்கம்தான். அவளுடைய முகத்தில் நான் வெகுகாலமாகக் காணாத ஒரு தெளிவு வந்தது. பிறகு வேகத்தைக் கூட்டிப் போய்விட்டாள்.

அவர்கள் போனபோது ஒவிலாவின் மூச்சு நின்றிருந்தது. சற்று முன்னதாக வந்திருந்தால் என்று வைத்தியர்கள் சொல்வதை நீங்களே எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். அன்று இரவே ஜினெத் தன் கையாலேயே டிரக்கின் திறப்பை மாக்கிரட்டிடம் கொடுத்திருக்கிறா. அவள் தனியே வில்லரேக்கு ஓடிப் போனாள். ஒரு பலகையும் பார்க்காமல் போயிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

மடம் என்ன கேட்கிறா? யாருக்கு வருத்தம் என்று அந்தப் பெடியன் சொன்னானா என்றா? அவன் சொன்னான். கிழவர் ஒருவர், நெஞ்சு வலி என்றான். வீட்டு இலக்கத்தையும் சொன்னான். ஆமாம், அந்த இலக்கம் எனக்குத் தெரியும். என்னுடைய வீட்டுக்கு அடுத்த இலக்கம். ஒவிலா வீடு என்று தெரிந்துதான் கையைக் காட்டினேன். எழுதிக்கொள்ளுங்கள். வாற கிழமை எல்லா றாங்கும் சுற்றிக் காட்டுவேன் என்று அவர் சொன்னது அந்த நேரம் நினைவுக்கு வந்ததா என்று கேட்டால், வந்தது. கையைக் காட்டிய பிறகு வந்ததா, முன்னரா என்று கேட்டால், முன்னர்.

நல்ல மனிதர். அவருடைய அடக்கப் பூசைக்கு நான் போயிருப்பேன், நீங்கள்தான் விடவில்லை.

சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிவிட்டேன். கையெழுத்து எங்கே வைக்க வேண்டும் என்று காட்டுங்கள். தங்கச்சி, மடத்திடம் ஒரேயொரு விஷயம் கேட்டுச் சொல்லுங்கள். இங்கே முடிய இன்னும் எவ்வளவு நேரம் செல்லும்? மாக்கிரட்டும் இன்று இதே கட்டடத்துக்கு வந்து வாக்குமூலம் கொடுத்தாள் என்றீர்களே. வெளியே பனி தொடங்கிவிட்டது. பாவம், எனக்காகக் கீழே காத்துக்கொண்டு நிற்பாள்.